வயிறு நிறுத்திய பஸ்

முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தது கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரைச் சரிவில். மேலே ரோட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருபத்திரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, டிரைவர் எங்கே போய்விட்டான் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிரைவர் நான்தான். உடைமரத்து மறைவில் குந்தியிருந்தேன். முள் எங்கேயாவது கிழித்திருக்கும், அந்த ரத்தம்தான் என்று கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்தி அது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். சொந்த ஊர் தளவாய்புரத்துக்குப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவச் சேர்ந்து, கழுவின வண்டியையே ஓட்டவும் கற்றுக்கொண்டவன். காலையில் ராஜபாளையத்தில் எடுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை. சாயந்தரம் அதே வழியில் திரும்ப வேண்டும். காக்கி உடுப்பும் ஹாரன் சத்தமுமாக ஊருக்குள் நுழையும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தை என் குடல் ஒரே மாதத்தில் இறக்கி வைத்துவிட்டது.

வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வரும், போகும். இது வேறு. மற்றவர்களுக்கு வயிறு முதலில் ஆள் அனுப்பிச் சொல்லும், அப்புறம்தான் வரும். எனக்குச் சொல்வதும் வருவதும் ஒன்றாகிப் போயின. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது, கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும். முடிந்தது என்று எழுந்தால், முடியவில்லை என்று மறுபடி உட்கார வைக்கும். சில வாரம் முழங்கால்கூட வீங்கிக்கொள்ளும், கிளட்சை மிதிக்க முடியாது. மற்ற டிரைவர்கள் அந்த ரோட்டை மேடு, வளைவு, பாலம் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நான் மறைவு மறைவாகத் தெரிந்து வைத்திருந்தேன். எந்தப் பாலத்துக்கு அடியில் நிமிர்ந்து நுழையலாம், எந்தக் கண்மாயில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், எந்தப் புளியமரத்துத் தூர் ஒரு ஆளை மறைக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

முதலில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று என் மனைவி. மற்றவர் என் கண்டக்டர். அவர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்முடு என்பார். தெலுங்கில் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஓடினால், அவர் சாவகாசமாக இறங்கி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். யாராவது கேட்டால், “இன்ஜின் சூடாயிருச்சு. செத்த நேரம் ஆறட்டும்” என்பார். இன்ஜினில் சூடே இருக்காது.

ராஜபாளையத்து டாக்டர் சீதபேதி என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை; அந்தக் காலத்தில் ரத்தமும் சளியுமாகப் போனால் பாதிப் பேருக்கு அதுதான். அதற்கு எமட்டின் என்ற ஊசி போட்டார். போட்ட நாளெல்லாம் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும், எழுந்து நடக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒரு சுற்றுப் போட்டார். என் மாமியார் உடம்புச் சூடு என்று சொல்லி மாதுளை ஓட்டை மோரில் அரைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் யாரோ எனக்குச் செய்வினை வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கள் போதகர் இது சோதனை, பொறுத்துக்கொள் என்றார். நான் எல்லாவற்றையும் செய்தேன். மருந்தையும் குடித்தேன், பொறுத்தும் பார்த்தேன். ஆறு மாதத்தில் என் காக்கிச் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல் ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இங்கேருங்க, இன்னைக்கு நீங்க வண்டி ஓட்ட வேண்டாம். வண்டியில ஏறி உட்காருங்க. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“லீவு சொல்லலையே.”

“நான் கண்டக்டர் அண்ணன்ட்ட நேத்தே சொல்லிட்டேன்” என்றாள்.

மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். முப்பது வருஷமாக இங்கேயே இருந்து, எங்களைப் போலவே தமிழ் பேசப் பழகியவர். என்னை மூன்று நாள் படுக்க வைத்து, போனதையெல்லாம் எடுத்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நாலாம் நாள் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பாட்டரி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ஒரு சாணுக்கு மேல் நீளமாக உருக்குக் குழாய் ஒன்று. அதைப் பார்த்ததும் நான் ஓரடி பின்னால் போனேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். குழாய்க்குள்ளிருந்து மெல்லிய கம்பி ஒன்றை வெளியே இழுத்தார். அதன் நுனியில் உளுந்து அளவு பல்பு ஒன்று எரிந்தது.

“கையைக் கொடுங்க தம்பி. இதைப் பிடிச்சு மூடிக்குங்க. சுடாது.”

மூடினேன். இருட்டறையில் என் கை எரிந்தது. விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று, உள்ளே நரம்பு ஓடுவதும் எலும்பு நிழலாடுவதுமாக. ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன கை அது. பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த கை. அதற்குள் இப்படி ஒரு சிவப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

“தீ இல்ல. உங்க ரத்தம்தான்” என்றார் டாக்டர். “இந்த விளக்கைத்தான் உள்ளே அனுப்பப் போறேன். பயம் வேண்டாம்.”

முழங்காலை மடக்கி, நெற்றியை மேஜையில் முட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த மாதிரி நான் ஜெபத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறேன். வலி இருந்தது, அதைவிட வெட்கம் இருந்தது. ஆனால் பின்னாலிருந்து ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நானே பார்க்க முடியாத என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது வெட்கம் எங்கோ போய்விட்டது.

முடிந்ததும் என்னை உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் வரைந்து காட்டினார். நல்ல குடல் வழவழவென்று ரோஜா நிறத்தில் இருக்குமாம். உள்ளே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள்கூட இலை நரம்பு போலத் தெரியுமாம். என்னுடையது முழுக்கத் தோல் உரிந்த முழங்கால் மாதிரி இருக்கிறது, தொட்டால் ரத்தம் கசிகிறது என்றார்.

“அமீபா இல்ல, புழு இல்ல. குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்குது.”

“அது ஏன் டாக்டர் அப்படிச் செய்யுது?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?” என்றேன்.

“எனக்கு மட்டும் இல்ல தம்பி. லண்டன்லயும் தெரியாது, அமெரிக்காவுலயும் தெரியாது. இதுக்கு ஒரு பேர் வச்சிருக்கோம். அவ்வளவுதான்.”

மாமியாருக்குத் தெரிந்திருந்தது, எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது, போதகருக்குத் தெரிந்திருந்தது. அறிந்தவர்களிலேயே பெரியவர் என்று நான் தேடிப்போன மனிதர் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சம் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. மலை உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு மயக்கம் வருமே, அது வந்தது.

“குணமாகுமா?”

“வரும், போகும். போனா ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட வராம இருக்கும். பிறகு வரும். இதோட குடித்தனம் பண்ணப் பழகணும். பட்டினி மட்டும் கிடக்காதீங்க.”

முதலாளி நல்ல மனிதர். என்னை வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. எனக்கு அது அரண்மனை. என் மனைவி சோற்றைக் குழைய வடித்து, ஆட்டெலும்புச் சாற்றை வடிகட்டி ஊற்றி, நாளுக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். மிளகாய் வாடையே வீட்டில் இல்லை. தனக்கும் அதையே வைத்துக்கொண்டாள். டாக்டர் கொடுத்த அபினிச் சொட்டும் இரும்பு டானிக்கும் இருந்தன. ஏழு மாதம் ஓடியது. பத்துத் தடவை எட்டாயிற்று, எட்டு நாலாயிற்று.

பிறகு ஒரு நாள் காலையில், கெட்டியாக, நிறமாக, மற்ற மனிதர்களைப் போல. ரத்தம் ஒரு துளி இல்லை. நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொல்லையில் நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம், பிள்ளை பிறந்த வீடு மாதிரி.

அந்த வருஷக் கடைசியில் டாக்டரிடம் போனேன். அதே அறை, அதே விளக்கு. இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு நர்சைக் கூப்பிட்டார். இன்னொரு சின்ன டாக்டரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

“புண் எங்கே இருந்துச்சுன்னே தெரியல” என்றார் கடைசியில். “இலை நரம்பு மாதிரி ரத்தக்குழாய் எல்லாம் தெரியுது. நான் கொடுத்த மருந்து இதைச் செய்யல தம்பி. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

“பொறவு யாரு டாக்டர் செஞ்சது?”

அவர் என் வயிற்றின்மேல் கையை வைத்தார். சோதித்துப் பார்க்கிற மாதிரி அழுத்தவில்லை. கோயிலில் தூணைத் தொடுவதுபோலச் சும்மா வைத்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் நல்ல உடம்போடு மறுபடி வண்டி ஓட்டினேன். முதல் பிள்ளையும் பிறந்தது.

அதற்குள் சண்டை வந்துவிட்டது. பெட்ரோல் கிடைப்பது நின்றுபோய், பஸ்களுக்குப் பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றுச் சக்கரத்தைக் கையால் அரைமணி நேரம் சுற்றினால் புகை கிளம்பும். அந்தப் புகையில்தான் இன்ஜின் ஓட வேண்டும். ஓடினால் ஓடும். மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். கரி கட்டிக்கொண்டால் நிறுத்திக் கம்பியால் கிளற வேண்டும். பல டிரைவர்கள் இந்தச் சனியனோடு மாரடிக்க முடியாது என்று ஓடிப்போனார்கள். எனக்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எப்போது நிற்கும் என்று தெரியாத ஒன்றோடு நான் ஏற்கெனவே பழகியிருந்தேன்.

கரி பஸ் வந்த இரண்டாம் வருஷம், ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் நோய் திரும்பி வந்தது.

இந்தத் தடவை ஷெட்டில் உட்கார வழியில்லை; ஓட்ட ஆள் இல்லை. ஓட்டினேன். அவசரம் வந்தால் கண்டக்டர் அண்ணன், “கரி இறங்கல, கிளறணும்” என்பார். ஆனால் பயணிகளும் விவரம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். இப்போதுதானே கிளறினாய், மறுபடி என்ன என்று கேட்டார்கள். மதுரையில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் திட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டின மைல்கள் எத்தனையோ.

அந்த நாட்களில்தான் எலுமிச்சைக்காரப் பெரியம்மா என் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவார். நாலு கூடை மேலே ஏறும், ஒரு கூடை காலடியில் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் திருமங்கலத்துக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். காதில் தண்டட்டி, வாயில் வெற்றிலை, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். எனக்கு நேர் பின்னால் முதல் பெஞ்சில்தான் உட்காருவார். அங்கே வேறு யாரும் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவார்.

ஒரு நாள் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டினதும் எனக்கு வயிறு முறுக்கியது. கரியைக் கிளறி இரண்டு மைல்கூட ஆகவில்லை. என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தேன். அந்த நேரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எய்யா டிரைவரு! நிறுத்துய்யா, எனக்கு அவசரம்!”

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் நிறுத்தினேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியந்தோப்பு. அவர் இடதுபக்கம் போனார், நான் வலதுபக்கம் ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே மாதிரி. அடுத்த வாரமும். எனக்கு முறுக்கும்போதெல்லாம் அவருக்கு அவசரம் வந்தது. எங்கள் இரண்டு பேர் வயிற்றையும் ஆண்டவர் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். வீட்டில் சொன்னேன். “பாவம், அவியளுக்கும் உங்க நோய்தான் போல. அந்த டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி.

அந்தப் பஸ்ஸில் அடிக்கடி வருகிற ஒருவர் இருந்தார். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கோர்ட்டுக் காரியமாக மதுரைக்குப் போகிறவர். ஒரு நாள் பெரியம்மா கத்தியதும் அவர் எழுந்துவிட்டார்.

“இந்த அம்மா ஒருத்திக்காக முப்பது பேர் காத்துக் கிடக்கணுமா? அடக்க முடியலைன்னா வீட்டில கிடக்க வேண்டியதுதானே. பொம்பளைக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்?”

பெரியம்மா வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு, “வயசானா உமக்கும் தெரியும் சாமி” என்று சொல்லி இறங்கிப் போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு நேரமும் இல்லை, ஓடினேன். திரும்பி வந்த பிறகாவது பேசியிருக்கலாம். பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம், நான் வழக்கமாகப் போகிற வலதுபக்கம் யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததால் பக்கத்திலிருந்த சின்னப் பாலத்துக்கு அடியில் புகுந்து இடதுபக்கம் போய்விட்டேன். முடித்துவிட்டு, மரத்து மறைவாகவே ரோட்டுக்கு ஏறினேன். பத்தடி தூரத்தில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு புளியமரத்துக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து தெரியாதபடி. உட்காரவில்லை. சேலையைக்கூடத் தூக்கிச் செருகவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் போன வலதுபக்கத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, எனக்காகப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் கோட்டுக்காரர் சொன்னது, பஸ் முழுக்கச் சிரித்தது, இத்தனை மாதமாக ஊர் ஆண்கள் முன்னால் ஒரு பெண்பிள்ளை வாய்விட்டு, எனக்கு அவசரம் என்று கத்தினது, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றன. சத்தம் காட்டாமல் பாலத்தடி வழியாகவே திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

திருமங்கலத்தில் கூடைகளை இறக்குகிற சாக்கில் அவரிடம் போய் நின்றேன்.

“பெரியம்மா, உங்களுக்கு வயித்துல ஒண்ணும் இல்லதானே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் கண்டக்டர் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஒனக்கு வரும் முன்ன பிடரி வேர்க்கும்யா” என்றார் பெரியம்மா. “முத்து முத்தா வேர்க்கும். கியரு கம்பியை நீ பிடிக்கிற பிடியில கை நரம்பு பொடைச்சுக்கிட்டு நிக்கும். ஒம் பின்னாலதான உட்காந்திருக்கேன், தெரியாதா?”

“எதுக்கு பெரியம்மா நீங்க இம்புட்டுப் பேச்சு வாங்கணும்?”

அவர் கூடையின் சாக்கை விலக்கி, அழுகின காயைப் பொறுக்கி எறிந்துகொண்டே பேசினார்.

“எங்க வீட்டு மனுசன் கொத்தனாரு. அவியளுக்கும் இதே ரத்தக் கடுப்புத்தான். சாரத்து மேல நிக்கும்போது வரும். எறங்குறதுக்குள்ள வேட்டியெல்லாம் வீணாப் போயிரும். கீழ நிக்கிற சித்தாளுக சிரிப்பாளுக. அவிய வேலைக்குப் போறதை விட்டாவ. பொறவு வெளியில போறதையே விட்டாவ. தின்னாத்தானே வருதுன்னு தின்னுறதையும் விட்டாவ. நோயில சாகலய்யா அவிய. வெக்கத்துல செத்துப் போனாவ.”

நான் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன்.

“நான் கிழவி. எனக்கென்ன வெக்கம்? நாலு பேரு சிரிச்சுட்டுப் போறான். நீ பிள்ளைகுட்டிக்காரன். போ, வண்டியை எடு.”

அன்று மதுரை வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வயிற்றைப் பற்றி எனக்கு இருந்த வியப்பு ஒரு வகை, இது வேறு வகை. உருக்குக் குழாயும் விளக்கும் வைத்து ஒரு படித்த மனிதர் எனக்குள் பார்த்தார். இந்த அம்மா என் பிடரியைப் பார்த்தே அத்தனையும் கண்டுகொண்டார். கண்டதோடு விடாமல், என் மானக்கேட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார், எலுமிச்சைக் கூடையை வைத்துக்கொள்வதுபோல.

அடுத்த நடையில் அதே புளியந்தோப்பை நெருங்கும்போது எனக்கு முறுக்கியது. பின்னால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் பிரேக்கைப் போட்டேன். திரும்பி எழுந்து நின்றேன். கோட்டுக்காரர் மூன்றாவது பெஞ்சில் இருந்தார்.

“அவிய ஒண்ணும் கேக்கல” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “எனக்குத்தான். எனக்குக் குடல்ல புண். ரத்தமாப் போகும். அடக்க முடியாது. இத்தனை நாளும் எனக்காகத்தான் அவிய பேச்சு வாங்கினாவ. எல்லாரும் மன்னிக்கணும்.”

சொல்லிவிட்டுக் குதித்து ஓடினேன்.

திரும்பி வரும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். பாதிப் பேர் வேறு வண்டி பிடிக்க நடந்திருப்பார்கள் என்று எண்ணினேன். ரோட்டில் ஏறிப் பார்த்தால் பஸ் காலியாக இருந்தது. ஆனால் யாரும் போகவில்லை. ஆண்கள் வலதுபக்கத்துத் தோப்பிலிருந்தும் பெண்கள் இடதுபக்கத்துத் தோப்பிலிருந்தும் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கையில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண், “மதுரை வரைக்கும் எப்படி அடக்குறதுன்னு பயந்துக்கிட்டே காலையில இருந்து தண்ணிகூடக் குடிக்காம வந்தேன்” என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “நல்லதாப் போச்சுய்யா” என்று என் தோளில் தட்டினார். எல்லோரும் ஏறி முடித்த பிறகும் ஒரு ஆள் குறைந்தது. கண்டக்டர் அண்ணன் எண்ணிப் பார்த்தார். தோப்பின் கடைக்கோடி மரத்துக்குப் பின்னாலிருந்து கோட்டுக்காரர் மெதுவாக வந்தார். தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு ஏறினார். பெரியம்மாவைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றார். பிறகு போய் உட்கார்ந்தார்.

“ரைட்” என்றார் கண்டக்டர் அண்ணன்.

அதன் பிறகு அந்தத் தோப்பில் தினமும் நிறுத்தினோம். எனக்கு வேண்டியிருந்தாலும் நிறுத்தினேன், வேண்டாவிட்டாலும் நிறுத்தினேன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள். பனங்காலத்தில் பதநீரும் வந்தது. சண்டை முடிந்து பெட்ரோல் கிடைத்து, உருளையைக் கழற்றி எறிந்த பிறகு, இனி நடுவில் எங்கேயும் நிறுத்த வேண்டாம் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். பயணிகள் கேட்கவில்லை. எதிரே வருகிற வேறு கம்பெனி வண்டிகளும் அங்கே நின்றன.

நோய் என்னை விடவில்லை. அந்த ஆடியில் வந்தது மறு தையில் போயிற்று. பிறகும் வந்தது. வந்தபோது குழைந்த சோறும் படுக்கையுமாக இருந்தேன். போனபோது வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ரத்தம் நின்ற காலையில் எனக்கு முதல் தடவை போலவேதான் இருந்தது. அதற்கு நான் பழகவே இல்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் தளர்ந்து, திருமங்கலத்துக்கு வருவதை மருமகளிடம் விட்டுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தெருவழியாகப் போனால் நான் ஹாரன் அடிப்பேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

என் மனைவி அந்த ரோட்டில் அதிகம் பயணம் செய்தவள் இல்லை. சண்டை முடிந்த மறு வருஷம், இரண்டாவது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போக என் பஸ்ஸில் ஏறினாள். எனக்குப் பின்னால் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தோப்பில் நிறுத்தினேன். கண்டக்டர் அண்ணன் குரல் கொடுக்கும் முன்பே எல்லோரும் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இம்புட்டுப் பேருமா?” என்றாள்.

“ஆமா.”

“நீங்க எறங்கலையா?”

“இன்னைக்கு வேண்டியதில்ல” என்றேன்.

வெளியே தண்ணீர்க் குடத்தண்டை வரிசை நின்றது. நான் ஸ்டீரிங்கில் கையை வைத்துக்கொண்டு, அவர்கள் வரட்டும் என்று காத்திருந்தேன்.